நாற்பத்தொரு மொட்டைத் தோட்டாக்கள்

பஞ்சு கலக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்தவருக்கு எதைக் கண்டாலும் கலக்கத்தான் கை வரும். வைத்திலிங்கம் ஆலையில் மிக்சிங் மாஸ்டர். ஒரு பொதிப் பஞ்சு நீள இழையாக இருக்கும், இன்னொன்று குட்டையாக, மற்றொன்று தூசும் தும்புமாக. எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டி, அடுக்கு மேல் அடுக்காகப் பரப்பிக் கலந்துவிட்டால் நூல் ஒரே சீராக வரும். அவர் கலந்த பஞ்சில் நூல் அறுந்துபோகிறது என்று யாரும் குறை சொன்னதில்லை.

ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய ரைபிள் கிளப்புக்கும் அவர்தான் செயலாளர். பர்மிட்டில் தோட்டா வந்ததும் அட்டைப் பெட்டிகளையெல்லாம் உடைத்து, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் கொட்டி, கையை முழங்கை வரை விட்டுத் துழாவிவிடுவார். பிறகு ஆளுக்கு மாதம் ஐம்பது என்று எண்ணிக் கொடுப்பார். நல்லது மட்டும் ஒருவருக்குப் போகக்கூடாது, மட்டமானது மட்டும் ஒருவருக்குப் போகக்கூடாது. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா? உண்டு என்று கிளப்பில் யாரும் சொன்னதில்லை. தனக்கொடி உட்பட.

தனக்கொடிக்கும் அதே ஆலையில்தான் வேலை, டெஸ்டிங் ரூமில். ஒவ்வொரு மிஷினிலிருந்தும் நூல் எடுத்து, அளந்து, நிறுத்து, அறுகிற வரை இழுத்துப் பார்த்து, எந்த மிஷின், எந்த மணி என்று சீட்டில் எழுதிக் கட்டுவாள். போன வருஷம் மாசி மகத்துக்குக் கடற்கரையில் போட்டிருந்த பலூன் கடையில் காற்றுத் துப்பாக்கியை வாங்கி, ஒரு வரிசைப் பலூனை ஒன்று விடாமல் உடைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தறிப் பகுதி அரிகிருஷ்ணன்தான் அவளைக் கிளப்புக்கு இழுத்து வந்தான். கிளப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

கிளப்பில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. செக் நாட்டில் செய்தது ஒன்று. அதை வைத்திலிங்கம் வைத்துக்கொண்டார். இங்கிலீஷ்காரன் துப்பாக்கி ஒன்று. அதில் அரிகிருஷ்ணனும் உத்திராபதியும் முறை வைத்துச் சுட்டார்கள். மூன்றாவது பிரெஞ்சுத் துப்பாக்கி. ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி கைமாறியபின் கப்பலேறிப் போன ஆலை இன்ஜினீயர் ஒருவர், ஒரு மரப்பெட்டித் தோட்டாவோடு சேர்த்து விட்டுப் போனது. கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் அது தனக்கொடி பங்குக்கு வந்தது. ஆளாளுக்கு அதைக் கோணல் துப்பாக்கி என்றார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது டிசம்பர். மழை விட்டு, லாஸ்பேட்டைச் செம்மண் மேடு கழுவிவிட்டதுபோல இருந்தது. அந்த மேட்டின் முன்னால்தான் ஐம்பது மீட்டர் அளந்து கிளப்பார் சுடும் இடம் அமைத்திருந்தார்கள். ஜனவரியில் மெட்ராஸில் போட்டி. மூன்று பேர் போகலாம். சுடுகிறவர்களோ நான்கு பேர்.

அன்று தனக்கொடி இருபது குண்டு சுட்டுவிட்டு எழுந்தபோது டார்கெட் காகிதம் அம்மை போட்ட முகம்போல இருந்தது.

"நூத்தி அம்பத்தெட்டு," என்று எண்ணிச் சொன்னான் அரிகிருஷ்ணன். "தனக்கொடி, பலூன் கட்டி வுட்டா சுடுவியா? காத்து ஊதி நான் ரெடி பண்றேன்."

"நீ ஊதாமலே காத்துதான் அரிண்ணே," என்றாள் அவள், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உத்திராபதி சிரிக்கவில்லை. அவர் இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய். ஊரார் வழக்கில் சொல்தா. பேச்சில் இன்னும் பிரெஞ்சு எட்டிப் பார்க்கும். இப்போது ஆலை வாசலில் காவல். கிளப்பில் அவரை மிஞ்சிச் சுட ஆளில்லை.

"மூச்சு," என்றார். "மூச்ச பாதியில நிறுத்தணும். நீ முழுசா வுட்டுட்டு சுடுற. அலோர், அதான் குண்டு அதும்பாட்டுக்குப் போவுது."

"நிறுத்தித்தான் சொல்தா ஐயா சுடுறேன்."

வைத்திலிங்கம் நோட்டை மூடினார். அவருக்கு நூற்று எழுபத்தெட்டு. மாதா மாதம் அதை ஒட்டித்தான் வரும். "ஏம்மா, அடுத்த ஞாயித்துக்கெழம செலக்சன். அதுலயும் இப்படின்னா, இந்தக் கோணல் துப்பாக்கிய எடுத்து செவுத்துல மாட்டிற வேண்டியதுதான். கமிட்டியில பேசிட்டோம். தோட்டாவும் கெடைக்கிறதில்ல. மூணு ஆளு, ரெண்டு துப்பாக்கி, போதும்."

மெட்ராஸ் போகாதது மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமையே இனி இல்லை என்பது தனக்கொடிக்குப் புரிந்தது. குற்றம் தன் கையிலா, குழலிலா? கையில் என்றால் திருத்திக்கொள்ளலாம். குழலில் என்றால் விட்டுவிடலாம். எதில் என்று தெரியாமல் போவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டெஸ்டிங் ரூமில், நூல் அறுந்தால் அறுந்தது என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது. ஏன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியாக வேண்டும்.

ஆண்கள் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் தான் சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளைப் பார்த்தாள். எதையும் வரிசை கலையாமல் வைப்பது அவள் கைப்பழக்கம். இருபது குப்பியும் சுட்ட வரிசையிலேயே சாக்கின் மேல் நின்றன. நோட்டில் ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்தது என்று புள்ளி வைத்திருந்தாள். ஒரு குப்பியை எடுத்து அடிப்பக்கம் பார்த்தாள். பித்தளையில் குட்டியாக ஒரு கிரீடம் குத்தியிருந்தது. அடுத்ததில் ஒரு நட்சத்திரம். அடுத்ததில் ஒன்றுமே இல்லை, மொட்டை.

நோட்டையும் குப்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெளியே ஓடிப்போன குண்டுகளில் பெரும்பாலும் கிரீடம். நடுவை ஒட்டி விழுந்த நான்கைந்தில் மூன்று மொட்டை.

இந்தச் சின்னத் தோட்டாவின் சங்கதியை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பெரிய துப்பாக்கித் தோட்டாவுக்கு அடியில் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். ஊசி அதில் குத்தும். இதற்குப் பொட்டு இல்லை. குப்பியின் அடி விளிம்பு தட்டு விளிம்புபோல மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்தான் தீப்பிடிக்கிற மருந்தை அப்பியிருப்பார்கள். துப்பாக்கி ஊசி விளிம்பில் ஓர் இடத்தை நசுக்கும். மருந்து பற்றி, உள்ளே இருக்கிற வெடிமருந்து எரிந்து, குண்டைத் தள்ளும். பெரிய தோட்டாவை வீட்டிலேயே பிரித்து, மருந்தைக் கூட்டிக் குறைத்துத் துப்பாக்கிக்குத் தக்கபடி மறுபடி அடைக்கிறவர்கள் உண்டு. இதில் அது நடக்காது. சூளையில் வெந்த செங்கல் மாதிரி. எப்படி வந்ததோ அப்படித்தான். உங்களால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, எது வேண்டும் என்று பொறுக்கி எடுப்பது.

அதைத்தான் அந்தக் கிளப்பில் யாரும் செய்யவில்லை.

"மாஸ்டர், டப்பாவுல இருக்கறத மூணா பிரிச்சிப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

வைத்திலிங்கத்துக்கு முகம் சுருங்கியது. "எதுக்கு? நல்லத நீ எடுத்துக்கவா?"

"எது நல்லதுன்னே தெரியாதே மாஸ்டர். தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். ஒவ்வொரு துப்பாக்கியிலயும் ஒவ்வொரு மார்க்கா போட்டு சுட்டுப் பாக்கணும்."

"மூணு துப்பாக்கி, மூணு மார்க்கு. தொண்ணூறு தோட்டா ஆவும். யாரு குடுப்பா?"

"என்னோட ஜனவரி அம்பத முன்னாடியே குடுங்க."

"மீதி நாப்பது?"

அவள் அரிகிருஷ்ணனைப் பார்த்தாள். அவன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"என் பங்கு நாப்பது தர்றேன். பந்தயம். எல்லாம் ஒன்னுதான், ஒன்னும் வித்தியாசம் இல்லைன்னு ஆச்சின்னா, நீ செலக்சனுக்கே வரக்கூடாது. எனக்கு நிம்மதி."

"வித்தியாசம் இருந்தா?"

"இருந்தா, மெட்ராஸ் போறப்ப ஒம் பொட்டிய ஸ்டேசன் வரைக்கும் தலையில வெச்சித் தூக்கியாறேன்."

"சும்மாடு எடுத்துக்கினு வா," என்றாள் தனக்கொடி.

புதன்கிழமை ஆலைக்கு விடுமுறை. விடிந்து சேவல் அடங்குவதற்குள் நால்வரும் லாஸ்பேட்டையில் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். காற்று வந்துவிட்டால் குண்டைத் தள்ளியது காற்றா தோட்டாவா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

தனக்கொடி ஏற்பாடெல்லாம் டெஸ்டிங் ரூம் முறைப்படி செய்தாள். ஒரு பழைய மேசை. அதன்மேல் மணல் அடைத்த இரண்டு பைகள். துப்பாக்கி பையின்மேல் கிடக்கும். தோள் தொட்டால் போதும், தாங்க வேண்டாம். கை நடுக்கம், மூச்சு, இதெல்லாம் கணக்கிலிருந்து கழன்றுவிடும். சுடப்போவது அவள் அல்ல, உத்திராபதி.

"என்னா தோட்டான்னு காட்டு," என்றார் அவர்.

"காட்ட மாட்டேன் ஐயா. நான்தான் உள்ள போடுவேன். நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கினு இருங்க."

"நான் என்னா செக்கு மாடா, கண்ணக் கட்டி வுட?"

"கிரீடம்னு தெரிஞ்சா ஒங்களுக்கு ஒரு மனசு, மொட்டைன்னு தெரிஞ்சா ஒரு மனசு. வெரலு அந்த மனச கேக்கும். நூல இழுத்துப் பாக்கறப்ப நானும் மிஷின் சீட்ட மறைச்சி வெச்சிட்டுத்தான் பாப்பேன்."

"போன்," என்று பிரெஞ்சில் சரி சொல்லி, பெருமூச்சு விட்டுக் குனிந்தார் சொல்தா.

முதலில் பிரெஞ்சுத் துப்பாக்கி, கிரீடம். ஐந்து குண்டு. அரிகிருஷ்ணன் ஓடிப்போய்க் காகிதத்தைக் கொண்டுவந்தான். உத்திராபதி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளைகளின்மேல் உள்ளங்கையை வைத்தால்தான் ஐந்தும் மறையும். மணல் பையின்மேல் வைத்து, கிளப்பிலேயே நல்ல கை சுட்டது.

"சொல்தா ஐயா, மூச்சு," என்றான் அரிகிருஷ்ணன் மெதுவாக.

"வாய மூடுறா."

தனக்கொடி காகிதத்தை எட்டி வாங்கினாள். கை இல்லை. குற்றம் தன் கையில் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை அவள் உடனே நோட்டில் எழுதிவிடவில்லை. அதே கிரீடத்தில் இன்னொரு ஐந்து சுடச்சொன்னாள். இந்தத் தடவை வட்டம் சற்றுச் சுருங்கியது. நட்சத்திரத்துக்கு மாறினாள். மறுபடி முதல் ஐந்து சிதறல், அடுத்த ஐந்து நெருக்கம்.

அவளுக்கு விளங்கிற்று. குண்டு ஈயம், அதன்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு பூச்சு. மார்க்கு மாறும்போது குழலுக்குள் பழைய பூச்சின்மேல் புதியது ஓடுகிறது. பழையது போய்ப் புதியது படிகிற வரை குண்டு நிலைப்படாது. மிஷினில் நூல் ரகத்தை மாற்றினால் முதல் சில கஜத்தைக் கழித்துவிட்டுத்தானே சோதனைக்கு எடுப்பார்கள்? நோட்டில் ஒரு கோடு போட்டு எழுதினாள்: முதல் ஐந்து குழலுக்கு, அடுத்த ஐந்து காகிதத்துக்கு.

மொட்டைக்கு வந்தார்கள். ஐந்து குழலுக்கு. பிறகு ஐந்து.

காகிதம் வந்தபோது துளை ஐந்து இல்லை. ஒன்றுதான் இருந்தது, ஓரம் கிழிந்த ஒரு பெரிய துளை. அரிகிருஷ்ணன் மற்ற நான்கும் காகிதத்துக்கு வெளியே போய்விட்டதாக நினைத்தான். தனக்கொடி துளையைச் சுற்றி ஒரு நூலை வளைத்து அளந்தாள். பைக்குள்ளிருந்து ஓர் எட்டணாக் காசை எடுத்து வைத்தாள். துளை மறைந்துவிட்டது.

"அஞ்சும் இதுக்குள்ளதான்," என்றாள்.

அடுத்து இங்கிலீஷ்காரன் துப்பாக்கி. அது மொட்டையை எங்கெங்கோ சிதறடித்தது, நட்சத்திரம் சுமார், கிரீடத்தில் ஐந்தும் ஒரு புளியம்பழ அகலத்துக்குள் நின்றன. கடைசியில் செக் துப்பாக்கி. அதற்குக் கிரீடம், நட்சத்திரம், மொட்டை மூன்றும் ஒன்றுதான். மூன்று காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. சிறப்பாகவும் இல்லை, கேவலமாகவும் இல்லை.

ஒன்பது காகிதத்தையும் மேசைமேல் பரப்பி, பறக்காமல் வெற்றுக் குப்பிகளை வைத்தாள். வைத்திலிங்கம் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். இப்போது கிட்டே வந்தார்.

"ஒரே அளவு தோட்டா. ஒரே அளவு குழல் ஓட்டை. எப்படிம்மா இப்படி?"

"துப்பாக்கி வெடிக்கறப்ப குழலு அதிருது மாஸ்டர். ஊஞ்சல் மாதிரி, இப்படி அப்படி. கண்ணுக்குத் தெரியாது. ஊஞ்சல்லேருந்து குதிக்கறவன் கோடியில நின்னு திரும்பற எடத்துல குதிச்சா, கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் ஒரே எடத்துல வுழுவான். வேகமா போறப்ப நடுவுல குதிச்சா? கொஞ்சம் பிசகினா எங்கயோ வுழுவான். ஒவ்வொரு தோட்டாவும் ஒரு வேகம். அது எந்தக் குழலுக்கு எப்பக் குதிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? சுட்டுத்தான் பாக்கணும்."

"கலந்தா சரிக்குச் சரி ஆயிடும்னு..." அவர் பாதியில் நிறுத்தினார்.

"பஞ்சு ஆவும் மாஸ்டர். ஒரு இழை இன்னொரு இழையோட முறுக்கிக்குது. குட்டை இழைய நீள இழை தாங்கிக்குது. தோட்டா ஒன்னுக்கொன்னு தாங்கிக்காது. ஒவ்வொன்னும் தனியாத்தான் போவுது. போதாததுக்கு, முன்னாடி போனதோட பூச்சு பின்னாடி வர்றதக் கெடுக்குது."

வைத்திலிங்கம் செக் துப்பாக்கியின் மூன்று காகிதங்களையும் எடுத்துப் பார்த்தார். இத்தனை நாள் கலந்த தோட்டாவில் சுட்டும் தனக்கு ஒரு குறையும் வரவில்லையே என்றுதான் அவர் கலப்பதை நம்பியிருந்தார். எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிற ஒரே துப்பாக்கி தன் கையில் இருந்ததால் மற்ற இரண்டின் கஷ்டம் தெரியாமல் போயிருக்கிறது.

"அந்த மரப்பெட்டி," என்றார் திடீரென்று. "இன்ஜினீயர் துரை வெச்சிட்டுப் போனாரே. அதுல இருந்ததெல்லாம் மொட்டை. அவரு இந்தத் துப்பாக்கிக்குன்னு பாத்துப் பாத்து வாங்கி வெச்சிருந்திருக்காரு. நான் அதையும் கொட்டிக் கலந்துட்டேன்."

அவரே டப்பாவைக் கவிழ்த்துச் சாக்கில் கொட்டினார். நால்வரும் சுற்றி உட்கார்ந்து, கீரை ஆய்கிறவர்கள்போல மூன்று குவியலாகப் பிரித்தார்கள். கிரீடமும் நட்சத்திரமும் நிறைய இருந்தன. மொட்டை நாற்பத்தொன்று. இனி அது எங்கிருந்தும் வராது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்கொடி அந்த நாற்பத்தொன்றையே மனதில் கூட்டிக் கழித்தாள். மெட்ராஸ் போட்டியில் முப்பது குண்டு. அதற்கு முன் குழலைப் பழக்கப் பத்து இருந்தால் நல்லது. ஆக நாற்பது. ஞாயிற்றுக்கிழமை செலக்சனில் மொட்டையைச் சுட்டால் நிச்சயம் தேறிவிடலாம். ஆனால் தேறி, வெறுங்கையோடு மெட்ராஸ் போக வேண்டும். செலக்சனில் நட்சத்திரத்தைச் சுட்டால் மொட்டை மிஞ்சும். ஆனால் தேறாமலே போகலாம். பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு நட்சத்திரம் இரண்டாம்பட்சம்தான். அதுபோக, சோதித்து எழுதிய பட்டியலை அவள் கிளப் சுவரில் மாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இங்கிலீஷ்காரன் துப்பாக்கிக்குக் கிரீடம் என்று அரிகிருஷ்ணனுக்கும் தெரியும். அவள் தயவில் அவனும் ஏறுவான்.

மறைத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றாமலும் இல்லை. ஆனால் பாதியை மறைத்த சோதனைச் சீட்டு ஒன்றை அவள் இதுவரை கட்டியதில்லை.

ஞாயிறு காலை அவள் சாக்கின்மேல் படுத்தபோது பக்கத்தில் இருந்தது நட்சத்திரக் குவியல்.

"ஏன், மொட்டை என்னா ஆச்சி?" என்றான் அரிகிருஷ்ணன். அவன் அப்போதுதான் நூற்று எண்பத்து மூன்று எடுத்துவிட்டு, தன் காகிதத்தைத் தானே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் நூற்று எழுபத்தொன்று அவனுக்கு.

"மெட்ராஸுக்குன்னு அப்படியே இருக்கட்டும்."

"மொதல்ல இங்க தேறு தாயி."

உத்திராபதி நூற்று எண்பத்தொன்பது. வைத்திலிங்கம் நூற்று எழுபத்தொன்பது. அவர் துப்பாக்கிக்கு எதுவும் மாறவில்லை, அவர் எண்ணும் மாறவில்லை.

தனக்கொடி ஐந்து குண்டு குழலுக்குச் சுட்டாள். பிறகு புதுக் காகிதம். கையில்தான் குற்றமோ என்று வருஷம் முழுக்க உள்ளே அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் இல்லாமல் படுப்பது இதுதான் முதல் தடவை. துப்பாக்கி சற்று அலையும், அவ்வளவுதான். எவ்வளவு அலையும் என்று அவள் நூல் போட்டு அளந்திருக்கிறாள். ஒன்பது விழுந்தாலும் எட்டு விழுந்தாலும் பதறாமல் அடுத்ததை எடுத்தாள். பத்தொன்பதாவது முடிந்தபோது மேட்டின் அடியில் தோண்டிய பள்ளத்திலிருந்து அரிகிருஷ்ணன் கத்தினான்: "நூத்தி எழுவத்தொன்னு!"

எட்டு விழுந்தால் வைத்திலிங்கத்தோடு சமம், சமமானால் மூத்தவருக்கு. ஒன்பது வேண்டும். தென்னை ஓலை லேசாக அசைந்தது, கடல்காற்று புறப்பட்டுவிட்டது. அவள் காத்திருந்தாள். ஓலை நின்றது. மூச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

அரிகிருஷ்ணன் காகிதத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டே நடந்து வந்தான். அதை வைத்திலிங்கத்திடம் நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துளை கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தார்.

"ஒம்போது," என்றார். "நூத்தி எண்பது."

நோட்டைத் திறந்து மூன்று பெயர்களை எழுதினார். உத்திராபதி, அரிகிருஷ்ணன், தனக்கொடி. தன் பெயரை எழுத இடமில்லாத அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாஸ்டர்..." என்றாள் அவள்.

"என்னாம்மா மாஸ்டரு? என் எண்ணு எங்கயும் போவல. நீங்கதான் மேல ஏறிட்டீங்க. இத்தினி நாளு ஒங்க மூணு பேரு கையையும் நான்தான் டப்பாவுல போட்டுக் கலக்கிக்கினு இருந்திருக்கேன்." அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆலையின் நல்ல நீள இழைப் பஞ்சில், ஒன்றோடொன்று உரசாமல் வரிசை வரிசையாகச் சுற்றி வைத்திருந்தார். மொட்டைத் தோட்டா. அதை நேற்றே கட்டி வைத்திருக்கிறார் என்பது இறுகிப்போயிருந்த முடிச்சைப் பார்த்தால் தெரிந்தது. அப்போது யார் போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"எண்ணிக்கோ. நாப்பத்தொன்னு."

"நாப்பது போதும் மாஸ்டர். ஒன்ன நீங்க சுடுங்க. இந்தத் துப்பாக்கிய நீங்க தொட்டதே இல்லியே."

அவர் மறுத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சாக்கில் படுத்தார். கோணல் துப்பாக்கியைத் தோளில் சேர்த்து, நிதானமாகச் சுட்டார். ஆறு விழுந்தது.

"என்னாம்மா இது? துரையோட தோட்டா, துரையோட துப்பாக்கி!"

"குழலுல இன்னும் நட்சத்திரப் பூச்சு இருக்குது மாஸ்டர். பழக்காம சுட்டா அப்படித்தான்."

வைத்திலிங்கம் படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். சொல்தாவும் சிரித்தார்.

"அத எழுதிக்கோ," என்றார் மாஸ்டர் எழுந்து, முழங்கையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டே. "அடுத்த பர்மிட்டுக்கு எழுதறப்ப எந்த மார்க்குல எவ்வளவுன்னு நீதான் சொல்லணும். டேய் அரி, சும்மாடு சுத்தக் கத்துக்கினியா?"

அரிகிருஷ்ணன் ஏற்கெனவே துப்பாக்கிப் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தான்.